கால் எட்டுமா? கை தாங்குமா?

அட்வென்ச்சர் பைக் பார்க்க ஷோரூமுக்குள் நுழைகிறவர்களைக் கொஞ்ச நேரம் கவனித்துப் பாருங்கள். பைக்கை ஒரு சுற்று சுற்றி வருவார்கள். டேங்க்கைத் தட்டிப் பார்ப்பார்கள். சீட்டைக் கையால் அமுக்குவார்கள். பிறகு பக்கத்தில் நிற்கும் விற்பனைப் பிரதிநிதியிடம் சற்றுத் தயங்கிக் கேட்பார்கள்: "எனக்குக் கால் எட்டுமா தம்பி?"

மிகச் சரியான கேள்வி. ஸ்ப்ளெண்டரின் சீட் உயரம் 785 மில்லிமீட்டர். ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450-யில் அது 825. கே.டி.எம். 390 அட்வென்ச்சரில் 830. சுஸுகி வி-ஸ்ட்ராம் எஸ்.எக்ஸ், டி.வி.எஸ். அப்பாச்சி ஆர்.டி.எக்ஸ் இரண்டிலும் 835. ஐந்தரை அடி உயரத்தை ஒட்டியே ஆண்கள் இருக்கும் ஊரில், இந்த நாற்பது ஐம்பது மில்லிமீட்டர் சின்ன விஷயமே இல்லை.

"எட்டும் சார், ரெண்டு நாள் ஓட்டினா பழகிடும்" என்று பதில் வரும். அடுத்து, ஷோரூமிலிருந்து கிளம்பி அடுத்த யூ-டர்ன் வரை போய்த் திரும்பும் ஒரு டெஸ்ட் ரைடு. சமமான தார்ச் சாலை, காலியான பின் சீட், கால்வாசி பெட்ரோல். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். திரும்பி வந்ததும் புக்கிங் பாரம் தயாராக இருக்கும். இரண்டு முதல் நான்கு லட்ச ரூபாய் வரை போகும் ஒரு முடிவு இப்படித்தான் எடுக்கப்படுகிறது.

அந்தப் பத்து நிமிடத்தை அரை நாளாக நீட்டிக் கேட்பது நம் உரிமை. அந்த அரை நாளில் எதைப் பார்க்க வேண்டும், பார்த்தபின் எதை வாங்கலாம், எப்போது வாங்காமல் திரும்பலாம் என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

ஒரகடமும் ஒசூரும்

கல்லும் மண்ணும் கலந்த பாதையிலும் நெடுஞ்சாலையிலும் ஒரே வண்டியில் போகலாம் என்ற எண்ணத்துக்கு உருவம் கொடுத்தது, 1980-ல் பி.எம்.டபிள்யூ வெளியிட்ட ஆர்80 ஜி/எஸ். அடுத்த ஆண்டே அது பாரிஸ்-டக்கார் ராலியை வென்றது. இன்று உலகம் முழுக்க ஓடும் பெரிய அட்வென்ச்சர் பைக்குகள் எல்லாம் அதன் வாரிசுகளே.

இந்தியாவுக்கு அது வந்து சேர வெகுகாலம் பிடித்தது. 2011-ல் ஹீரோ நிறுவனம் 150 சிசியில் இம்பல்ஸைக் கொண்டுவந்தது. மண் பாதைக்கு அருமையான வண்டி, நெடுஞ்சாலையில் மூச்சு வாங்கும். விற்கவில்லை, நின்றுபோனது. 2016-ல் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 வந்தபோதுதான் கதை மாறியது. வெறும் 24.5 குதிரைத் திறன், ஐந்து கியர், ஒரு ரேடியேட்டர்கூடக் கிடையாது. ஆனால் 800 மில்லிமீட்டர் சீட், 21 அங்குல முன்சக்கரம், எந்தக் கரடுமுரடையும் நிதானமாகத் தாண்டும் குணம். லடாக் போகிறேன் என்று கிளம்பியவர்களின் வண்டியாக அது ஆனது. 2019-ல் ஹீரோவின் எக்ஸ்பல்ஸ் 200, ஒரு லட்ச ரூபாய்க்குள் தொடங்கி, கல்லூரி மாணவர்களுக்கும் இந்த ஆசையைத் திறந்துவிட்டது.

2023 நவம்பரில் ஹிமாலயன் 450 வந்தது. 452 சிசி, தண்ணீரால் குளிரும் இன்ஜின், 40 குதிரைத் திறன், 40 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, ஆறு கியர். இதைச் செய்கிற ராயல் என்ஃபீல்டு, 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் இங்கிலாந்து நிறுவனத்தோடு கைகோத்துத் திருவொற்றியூரில் புல்லட்டைக் கட்டத் தொடங்கிய அதே பரம்பரை. இப்போது ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் அதன் பெரிய ஆலைகள் இருக்கின்றன. இந்தப் பக்கம் ஒசூரில், டி.வி.எஸ். நிறுவனம் பல ஆண்டுகள் பி.எம்.டபிள்யூவுக்காக ஜி 310 ஜி.எஸ்ஸைக் கட்டிக் கொடுத்தது. 2025 அக்டோபரில் தன் சொந்தப் பெயரில் அப்பாச்சி ஆர்.டி.எக்ஸை இறக்கியது. 299 சிசி, 36 குதிரைத் திறன், 19 அங்குல முன்சக்கரம், 180 கிலோ, அறிமுக விலை 1.99 லட்சம். அதற்கு முன்பே, 2024 டக்கார் ராலியில், ஷெர்கோ டி.வி.எஸ். அணிக்காக ஓட்டிய கேரளத்தின் ஹரித் நோவா ராலி-2 பிரிவில் முதலிடம் பிடித்ததையும் சொல்லியாக வேண்டும்.

ஆக, நாட்டின் முக்கியமான அட்வென்ச்சர் பைக்குகளில் இரண்டு தமிழ்நாட்டு நிறுவனங்களுடையவை. ஆனால் அவற்றை வாங்கும் தமிழ்நாட்டு வாடிக்கையாளருக்கு, மண்ணில் ஓட்டிப் பார்த்து வாங்கும் வாய்ப்பை நான் பார்த்த எந்த ஷோரூமும் தரவில்லை. இது எனக்கு உண்மையான வருத்தம்.

உட்கார்ந்து பார்ப்பதில் தொடங்குங்கள்

சீட் உயரத்தை எண்ணாக மட்டும் பார்க்கக் கூடாது. அகலமான சீட் தொடையை விரிக்கும், கால் குட்டையாகும். அதே உயரத்தில் முன்பக்கம் ஒடுங்கிய சீட் என்றால் கால் நேராக இறங்கும். நாம் உட்கார்ந்ததும் சஸ்பென்ஷன் அமுங்கி, எண் குறையும். ஹிமாலயன் 450-யில் சஸ்பென்ஷன் முன்னும் பின்னும் 200 மில்லிமீட்டர் ஆடும். எனவே 70 கிலோ ஆள் உட்கார்ந்தால் அமுங்குவது கண்ணுக்கே தெரியும். ஆகவே விவரத் தாளைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், தைரியப்படவும் வேண்டாம். உட்கார்ந்து பாருங்கள். எந்தச் செருப்பில், எந்த ஷூவில் தினமும் ஓட்டுவீர்களோ அதைப் போட்டுக்கொண்டு போய் உட்காருங்கள்.

இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் பட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரு பாதம் முழுதாக ஊன்றி, இன்னொன்று புட்ரெஸ்டில் இருந்தால் போதும். சிக்னலில் இடுப்பை லேசாக இடப்பக்கம் நகர்த்தி, இடது காலை ஊன்றி, வலது காலால் பின் பிரேக்கைப் பிடித்து நிற்பது அனுபவசாலிகளின் வழக்கம். உண்மையான சோதனை வேறு இடத்தில் இருக்கிறது.

மலைப்பாதையில் ஒரு டீக்கடை. சாலையோரச் சரிவில் முன்சக்கரம் கீழ்நோக்கி இருக்கும்படி வண்டியை நிறுத்திவிட்டீர்கள். டீ குடித்துவிட்டு வந்து, ஏறி உட்கார்ந்து, பின்னால் தள்ள வேண்டும். இரண்டு கால்களும் நுனிவிரலில் நிற்கின்றன. கீழே ஜல்லி வழுக்குகிறது. 196 கிலோ வண்டி முன்னால் போகப் பார்க்கிறது. இறங்கி நின்று தள்ளினால்தான் நகரும். பின்னால் கார் ஹாரன் அடிக்கிறது. கால் எட்டுமா என்ற கேள்விக்கு விடை தெரிகிற இடம் இதுதான். ஷோரூம் வாசலிலேயே சாய்தளம் இருக்கும். டெஸ்ட் ரைடு முடிந்து வரும்போது அதில் முன்சக்கரத்தைக் கீழ்நோக்கி நிறுத்தி, உட்கார்ந்தபடியே பின்னால் தள்ளிப் பாருங்கள். பிரதிநிதி ஆச்சரியமாகப் பார்ப்பார். பரவாயில்லை.

உயரம் குறைந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. தாழ்வான சீட் தனியாகக் கிடைக்கிறது. ஹிமாலயனுக்கு அதைப் போட்டால் 805-க்கு இறங்கும். இதைத் தாராளமாகச் செய்யலாம். ஆனால் வெளிக்கடைகளில் சஸ்பென்ஷன் லிங்க்கை மாற்றி வண்டியையே இறக்கித் தருகிறார்கள், அது வேண்டாம். கிரவுண்ட் கிளியரன்ஸ் குறையும், சைடு ஸ்டாண்டு நீளமாகி வண்டி நிமிர்ந்து நிற்கும், காற்றடித்தாலே சாயும். 230 மில்லிமீட்டர் கிளியரன்ஸுக்குக் காசு கொடுத்துவிட்டு அதைக் குறைக்க மீண்டும் காசு கொடுப்பதில் என்ன நியாயம்?

எடை எங்கே இருக்கிறது?

நான் ஹிமாலயன் 450-யை எடுத்துக்கொண்டு வண்டலூர்-வாலாஜாபாத் சாலையில் போனேன். படப்பை தாண்டும்வரை லாரிகள், கம்பெனிப் பஸ்கள், சர்வீஸ் சாலையில் எதிரே வரும் பைக்குகள். நாற்பது, ஐம்பது வேகத்தில் வண்டி மிகச் சாதுவாக இருந்தது. நிமிர்ந்து உட்கார்வதால் முன்னால் போகும் காரின் கூரைக்கு மேலே பார்க்க முடிகிறது. இது பாதுகாப்புக்கே பெரிய உதவி. ஸ்பீடு பிரேக்கரைப் பற்றிக் கவலையே இல்லை. பெரிய குழி ஒன்றில் தெரிந்தே இறக்கினேன். கை நடுங்கவில்லை, முதுகில் அடி விழவில்லை. நம் ஊர்ச் சாலைகளுக்கு இந்த வகை பைக்தான் பொருத்தம் என்று மனசு உடனே சொல்லிவிடும். டெஸ்ட் ரைடில் மயங்கிவிடுகிற இடமும் இதுதான்.

பிரதான சாலையை விட்டு மணிமங்கலம் பக்கம் திரும்பி, ஏரிக்கரை ஓரமாகப் போகும் ஒரு மண் பாதையில் இறங்கினேன். புட்ரெஸ்டில் எழுந்து நின்றேன். நின்று ஓட்டுவது வித்தை காட்ட அல்ல. நிற்கும்போது நம் எடை சீட்டிலிருந்து கால்களுக்கு இறங்கிவிடும், வண்டி கீழே தன் விருப்பத்துக்கு ஆடும், நாம் மேலே நிலையாக இருப்போம். இதில் பார்க்க வேண்டியது மூன்று: நிற்கும்போது ஹேண்டில்பாருக்காகக் குனிய வேண்டியிருக்கிறதா, முழங்கால்களால் டேங்க்கை இறுக்கிப் பிடிக்க முடிகிறதா, பிரேக் பெடல் பூட்ஸுக்கு எட்டுகிறதா. ஹிமாலயனில் ஐந்தே முக்கால் அடிக்காரருக்கு எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. 21 அங்குல முன்சக்கரம் கற்களின் மேல் ஏறி இறங்குவதை மணிக்கட்டு உணரவே இல்லை. சின்னச் சக்கரம் கல்லை முட்டும் இடத்தில் பெரிய சக்கரம் சாய்வாக ஏறிவிடுகிறது. அதற்கு விலை, தார்ச் சாலை வளைவுகளில் அது சற்று மெதுவாகத் திரும்பும். 19 அங்குலம் இரண்டுக்கும் நடுவில்.

பின்சக்கர ஏ.பி.எஸ்ஸை நிறுத்தும் வசதியையும் அந்த மண்ணிலேயே பார்த்துக்கொண்டேன். மண் இறக்கத்தில் ஏ.பி.எஸ். தொடர்ந்து பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கும், வண்டி நிற்க நீண்ட தூரம் ஆகும். அணைத்துவிட்டால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு மண்ணை வாரும், வேகம் குறையும். ஆனால் தார்ச் சாலைக்கு வந்ததும் திரும்பப் போட மறக்கக் கூடாது. முன்சக்கர ஏ.பி.எஸ். எப்போதும் வேலை செய்யும், அது நல்லது.

கடைசியாக, அந்தக் குறுகிய பாதையிலேயே யூ-டர்ன். முதல் கியர், பாதி கிளட்ச், பின் பிரேக்கில் லேசான அழுத்தம், ஹேண்டிலை முழுதாக ஒடித்து, கண்ணைப் போகவேண்டிய பக்கம் வைத்துத் திருப்ப வேண்டும். மணிக்கு எட்டு, பத்து கிலோமீட்டர் வேகத்தில் வண்டியின் எடை முழுதும் வெளியே வருகிறது. நெடுஞ்சாலையில் காணாமல்போன 196 கிலோ இங்கே ஒரு கிலோ குறையாமல் கையில் ஏறுகிறது. இன்ஜினும் இந்த வேகத்தில் கொஞ்சம் கண்டிப்பானது. பழைய 411 போல கீழ் ஆர்.பி.எம்மில் தானாக இழுத்துக்கொண்டு போகாது. மூவாயிரத்துக்கு மேல் வைத்திருந்தால் ஓடும், விட்டால் திணறும்.

ஒரே எடையுள்ள இரண்டு வண்டிகள்கூட ஒரே மாதிரி கனப்பதில்லை. எடை எந்த உயரத்தில் இருக்கிறது என்பதுதான் கணக்கு. நிறைகுடத்தை இடுப்பில் வைப்பதற்கும் தலையில் வைப்பதற்கும் உள்ள வித்தியாசம். ஹிமாலயன் டேங்க் 17 லிட்டர். நிரப்பினால் 12, 13 கிலோ பெட்ரோல் உச்சியில் ஏறி உட்காரும். டெஸ்ட் ரைடு வண்டிகளில் முள் பெரும்பாலும் சிவப்பை ஒட்டித்தான் இருக்கும். அதை ஓட்டிவிட்டு எடையை முடிவு செய்ய வேண்டாம். வாங்குவதாக இருந்தால் நம் காசில் டேங்க் நிரப்பிக்கூட ஓட்டிப் பார்க்கலாம், நஷ்டமில்லை.

விழுந்தால் தூக்க முடியுமா?

அட்வென்ச்சர் பைக் என்றால் ஒருநாள் கீழே விழும். பெரும்பாலும் நிற்கும்போதுதான் விழும். தனியாகப் போயிருக்கும்போது விழுந்த வண்டியைத் தூக்க முடியாது என்றால், அந்த வண்டியில் தனியாகப் போகக் கூடாது.

தூக்குவதற்கு முறை இருக்கிறது. இன்ஜினை அணைக்க வேண்டும். வலப்பக்கம் விழுந்திருந்தால் தூக்குவதற்கு முன்பே சைடு ஸ்டாண்டை விரித்துவிட வேண்டும், நிமிர்த்தியதும் வண்டி அதில் சாய்ந்துகொள்ளும். உருளாமல் இருக்க முதல் கியரில் போடுங்கள். ஹேண்டிலைத் தரைப்பக்கமாக முழுதும் ஒடியுங்கள். பிறகு வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்தி, இடுப்பைச் சீட்டின் விளிம்பில் கொடுத்து, ஒரு கையால் ஹேண்டில் முனையையும் இன்னொரு கையால் பின்னால் உள்ள கம்பியையும் பிடித்து, சின்னச் சின்ன அடிகளாகப் பின்னால் நடக்க வேண்டும். தூக்குவது கால்கள். குனிந்து நின்று கைகளால் இழுத்தால் முதுகு பிடித்துக்கொள்ளும்.

ஷோரூமில் வண்டியைச் சாய்த்துக் காட்டச் சொன்னால் விடமாட்டார்கள். நண்பர் வைத்திருந்தால் மெத்தை போட்டுச் சாய்த்துத் தூக்கிப் பாருங்கள். 168 கிலோ எக்ஸ்பல்ஸ் 210-க்கும் 196 கிலோ ஹிமாலயனுக்கும் நடுவே இருப்பது காகிதத்தில் 28 கிலோ. வெயிலில், களைத்துப்போய், மூன்றாவது முறை தூக்கும்போது அது பயணத்தையே நிறுத்தும் 28 கிலோ.

விழுந்தால் முதலில் உடைவது கிளட்ச் லீவர், பிரேக் லீவர், கண்ணாடி, இண்டிகேட்டர். புக்கிங்குக்கு முன்பு உதிரிபாக கவுண்டருக்குப் போய் இவற்றின் விலையையும், ரேடியேட்டர், ஹெட்லைட் விலையையும் கேளுங்கள். "ஸ்டாக் இருக்கா?" என்றும் கேளுங்கள். படப்பையில் தெரிந்த மெக்கானிக் ஒருவர் சொன்னார்: "வண்டி எவ்ளோ நல்லதா இருந்தாலும் சார், லீவருக்கு ரெண்டு வாரம் காத்திருந்தா அது வீட்ல நிக்கிற வண்டிதான்." ராயல் என்ஃபீல்டுக்குச் சின்ன ஊர்களில்கூட சர்வீஸ் இருப்பது பெரிய பலம். மற்றவற்றை வாங்குமுன் உங்கள் ஊரிலிருந்து சர்வீஸ் சென்டர் எவ்வளவு தூரம் என்று பார்த்துக்கொள்வது அவசியம்.

பஞ்சரையும் இங்கேயே சொல்லிவிடலாம். கம்பிச் சக்கரம் கல்லில் மோதினாலும் வளைந்து தாங்கும், ஆனால் வழக்கமான கம்பிச் சக்கரத்துக்கு டியூப் வேண்டும். டியூப் பஞ்சரானால் சக்கரத்தைக் கழற்றாமல் வேலை ஆகாது. டியூப்லெஸ் என்றால் ஆணியைப் பிடுங்கி, திரியைச் செருகி, காற்றடித்துக் கிளம்பிவிடலாம். ஹிமாலயன் 450 முதலில் டியூபோடுதான் வந்தது. டியூப்லெஸ் கம்பிச் சக்கரம் பிறகுதான் கிடைத்தது. ஆர்.டி.எக்ஸும் வி-ஸ்ட்ராமும் அலாய் சக்கரம் என்பதால் தொடக்கத்திலிருந்தே டியூப்லெஸ். புது மாடல் வந்த முதல் மாதமே ஓடிப்போய் வாங்காமல் ஓராண்டு பொறுப்பவருக்குக் கிடைக்கும் லாபம் இதுபோன்றதுதான்.

பின் சீட்டின் தீர்ப்பு

டெஸ்ட் ரைடுக்குத் தனியாகப் போகிறவர்கள் பாதி வண்டியைத்தான் ஓட்டிப் பார்க்கிறார்கள். மனைவியோ மகனோ நண்பரோ, உங்கள் பின்னால் அதிகம் உட்காரப்போகிறவரைக் கட்டாயம் அழைத்துப் போங்கள்.

என் மனைவி முதலில் சொன்னது: "என்னங்க, இதுல காலைத் தூக்கிப் போடறதே பெரிய வேலையா இருக்கே." புடவையில் ஒருபக்கமாக உட்கார்ந்து போகும் பழக்கம் இந்த வண்டிகளில் எடுபடாது. அந்த உயரத்தில், அந்த அகலத்தில், அது ஆபத்தும்கூட. இரண்டு பக்கம் கால் போட்டுத்தான் உட்கார வேண்டும். ஏறும்போது இடது புட்ரெஸ்டில் மிதித்து, ஓட்டுகிறவரின் தோளைப் பிடித்து எழுந்து ஏற வேண்டும். அந்த நொடியில் முழு வண்டியும் இடப்பக்கம் இழுக்கும். ஓட்டுகிறவரின் இடது கால் நுனிவிரலில் நின்றிருந்தால் இருவரும் சாய வேண்டியதுதான். தனியாக உட்காரும்போது எட்டிய கால், ஒருவர் ஏறும்போது போதவில்லை என்பதை நிறைய பேர் வாங்கிய பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள். டாப் பாக்ஸ் மாட்டிவிட்டால் காலை இன்னும் உயரத் தூக்க வேண்டும்.

ஏறி உட்கார்ந்துவிட்டால் பின் சீட் சுகமானது என்பதையும் சொல்ல வேண்டும். முதுகில் அடி இல்லை, முழங்கால் அதிகம் மடங்குவதில்லை. அரை மணி நேரம் அழைத்துப் போய், இறங்கியதும் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் அந்த வண்டி உங்கள் குடும்பத்துக்கு இல்லை.

பிற்பகல் நெரிசலில் கால் மணி நேரம் ஓட்டிப் பார்ப்பதும் முக்கியம். ரேடியேட்டர் விசிறி சுழலும்போது சூடு தொடைக்கு வருகிறதா, பாதத்துக்கு வருகிறதா என்று மே மாதச் சென்னையில் தெரிந்துகொள்வதைவிட டெஸ்ட் ரைடிலேயே தெரிந்துகொள்வது மேல். திரை, வரைபடம், செல்போன் இணைப்பு இவற்றைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. வெயிலில் எழுத்து தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள்.

350 என்ற கோடு

இனி காசு. 2025 செப்டம்பர் 22 முதல் மோட்டார் சைக்கிள் ஜி.எஸ்.டி. இரண்டாகப் பிரிந்தது. 350 சிசி வரை 28 சதவீதம் 18 ஆகக் குறைந்தது. அதற்கு மேல், செஸ்ஸோடு சேர்த்து 31 ஆக இருந்தது 40 ஆக ஏறியது. 2.69 லட்சத்தில் அறிமுகமான ஹிமாலயன் 450, இந்த மாற்றத்துக்குப் பிறகு எக்ஸ் ஷோரூமிலேயே 3 லட்சத்தைத் தாண்டியது. 299 சிசி ஆர்.டி.எக்ஸ், 249 சிசி வி-ஸ்ட்ராம், 210 சிசி எக்ஸ்பல்ஸ் எல்லாம் கோட்டுக்கு இந்தப் பக்கம். 399 சிசி கே.டி.எம். அந்தப் பக்கம்.

காப்பீட்டிலும் அதே கோடுதான். புது பைக்குக்கு ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். 2022-ல் அறிவித்த கட்டணப்படி 150 முதல் 350 சிசி வரை 7,365 ரூபாய். 350-க்கு மேல் 15,117. வரி தனி. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல், ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட இருசக்கர வாகனத்துக்கு ஆயுட்கால சாலை வரி 12 சதவீதம். மூன்று லட்ச ரூபாய் வண்டிக்கு 36,000, இரண்டு லட்ச ரூபாய் வண்டிக்கு 24,000. இவற்றோடு சொந்தச் சேதக் காப்பீடு, நல்ல ஹெல்மெட், ரைடிங் ஜாக்கெட், பூட்ஸ், கையுறை, கிராஷ் கார்டு. ஹெல்மெட்டும் பூட்ஸும் வாங்கக் காசு மிஞ்சாது என்றால் ஒரு படி சின்ன வண்டியை வாங்கி, மீதியில் அவற்றை வாங்குங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

"வாழ்க்கையில் ஒருதரம் லடாக் போகணும், அதுக்காகத்தான் வாங்குறேன்" என்பவர்களை நிறைய சந்திக்கிறேன். ஆசை நியாயமானது. ஆனால் சென்னையிலிருந்து லே போக மட்டுமே மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல். திரும்பியும் வர வேண்டும். இரண்டு, மூன்று வார விடுப்பு கிடைக்கிறவர்கள் எத்தனை பேர்? மற்றவர்கள் விமானத்தில் லே போய், அங்கேயே ஹிமாலயனை வாடகைக்கு எடுத்து, கார்துங் லாவும் உம்லிங் லாவும் பார்த்து வரலாம். ஒரு பயணத்துக்காக ஐந்தாண்டு இ.எம்.ஐ. கட்ட வேண்டியதில்லை.

வாடகை என்பது டெஸ்ட் ரைடுக்கும் நல்ல வழி. சென்னை, பெங்களூரு போன்ற நகரங்களில் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து போட்ட வாடகை பைக்குகளில் இந்த மாடல்கள் கிடைக்கின்றன. வாங்க நினைக்கும் வண்டியையே ஒரு வார இறுதிக்கு எடுத்து, காரவள்ளியிலிருந்து கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஏறி இறங்குங்கள். அல்லது ஆழியாரிலிருந்து வால்பாறையின் 40 வளைவுகள். பின் சீட்டில் ஆளோடு. வாடகைக்குக் கொடுத்த சில ஆயிரம், மூன்று லட்சத்தைத் தவறான வண்டியில் போடாமல் காப்பாற்றும். அந்தக் குறுகிய வளைவுகளில் நாற்பது குதிரைத் திறனில் பாதிகூடத் தேவைப்படாது என்பதையும், இருபது கிலோ குறைந்தால் தோள்பட்டை எவ்வளவு நிம்மதியாக இருக்கும் என்பதையும் வளைவுகளே சொல்லிவிடும்.

யாருக்கு எது?

மாதம் தவறாமல் ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் போகிறவர், சாமான் மூட்டையோடு போகிறவர், நல்ல சாலை முடிந்த பிறகும் போகிறவர், சரிவில் வண்டியைப் பின்னால் தள்ளிக் காட்டியவர்: ஹிமாலயன் 450-யை நிம்மதியாக வாங்கலாம். நெடுஞ்சாலையில் நூறில் சலிப்பில்லாமல் ஓடும், லிட்டருக்கு 28 கிலோமீட்டர் கிடைத்தாலே ஒரு டேங்க்கில் 450-ஐத் தாண்டும். கே.டி.எம். 390 அட்வென்ச்சர் 183 கிலோவில் 46 குதிரைத் திறன். வேகத்தில் ருசி உள்ளவருக்கு, ஓட்டும் கைத்திறன் ஏற்கெனவே உள்ளவருக்கு. மண்ணில் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பவர் எதையும் யோசிக்காமல் எக்ஸ்பல்ஸ் வாங்கலாம். விழுந்து, எழுந்து, மீண்டும் விழ அதைவிடச் செலவு குறைந்த ஆசான் இந்தியாவில் இல்லை.

வாரம் முழுக்க ஆபீஸ், எப்போதாவது ஏற்காடோ ஏலகிரியோ, பின்னால் குடும்பத்தில் ஒருவர் என்று வாழ்கிற பெரும்பாலோருக்கு 350 கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கும் வண்டியே போதும். அதில் அப்பாச்சி ஆர்.டி.எக்ஸையும் வி-ஸ்ட்ராமையும் அடுத்தடுத்து ஓட்டிப் பாருங்கள். வீட்டில் இருவரும் ஓட்டிப் பார்த்து, உட்கார்ந்து பார்த்து, கணக்குப் போட்டபின் எங்கள் முடிவும் ஆர்.டி.எக்ஸ் பக்கமே சாய்ந்திருக்கிறது. சக்தி குறைவு என்ற குறை ஓரிடத்திலும் தோன்றவில்லை. சரிவில் பின்னால் தள்ள முடிந்தது.

ஒரகடத்துக்கும் ஒசூருக்கும், அவற்றின் வண்டிகளை விற்கும் ஷோரூம்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நீங்கள் விற்பது மண்ணுக்கும் மலைக்கும் செய்த வண்டி. மாவட்டத்துக்கு ஓர் இடத்திலாவது அரை ஏக்கர் மண் தரையை வாடகைக்குப் பிடியுங்கள். கொஞ்சம் ஜல்லி கொட்டி, ஒரு சரிவு வெட்டி, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை டேங்க் நிரப்பிய டெஸ்ட் ரைடு வண்டியோடும் ஒரு பயிற்சியாளரோடும் வாடிக்கையாளரைக் குடும்பத்தோடு கூப்பிடுங்கள். புக்கிங் பாரத்தை அங்கே கொண்டுவந்து நீட்டுங்கள்.